மெட்ராஸ் காருக்குத் தாதரில் நாலு கதவு!

நம்மவர் வீட்டுப் பையன்கள் ஓட்டிய முதல் வண்டி எது? திருநெல்வேலிப் பக்கத்து அன்பர்களைக் கேட்டால் யோசிக்காமல் சொல்வார்கள்: நுங்கு வண்டி!

நுங்கு தின்று தீர்ந்த காய் இரண்டை ஒரு குச்சியில் கோர்த்து, கவைக் கம்பு வைத்துத் தெருத் தெருவாகத் தள்ளியவர்கள்தாம் பிற்காலத்தில் ரயிலேறி தாதர் வந்து இறங்கினார்கள். காசு கொடுத்து வாங்கும் கார் பொம்மை என்பது அன்று பெரிய வீட்டுச் சமாசாரம்.

அந்தப் பொம்மைக் கார்களுக்குத்தான் இன்று பெரியவர்கள் அலைகிறார்கள். உடைந்ததை வாங்கி, பிரித்து, சுரண்டி, வண்ணம் பூசி, மறுபடி ஓட வைக்கிறார்கள். சிலர் அதோடு நிற்பதில்லை. தம் மனத்தில் உள்ள காராகவே அதை மாற்றிவிடுகிறார்கள்.

பத்துக்குப் பன்னிரண்டு அறையில், டிரங்குப் பெட்டியை மேஜையாக்கிக்கொண்டு இதைச் செய்ய முடியுமா? முடியும். மேஜை விளக்கு ஒன்று, நாலைந்து சில்லறைக் கருவிகள், வீட்டில் உள்ளவர்களின் பொறுமை. மூன்றாவதுதான் விலை அதிகம்.

இங்கே சொல்லப்போவது ஒரே ஒரு காரின் கதை. அது மெட்ராஸ் கார்.

மூன்று நகரம், மூன்று கார்

1960-களில் இந்தியாவில் கார் என்றால் மூன்றுதான். கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் அம்பாசிடர். பம்பாய் குர்லாவில் பியட். சென்னைக்கு வெளியே வண்டலூரில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

அம்பாசிடர் 2014 வரை தாக்குப் பிடித்தது. பியட், பின்னாளில் பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறி, கறுப்பும் மஞ்சளும் பூசிய டாக்சியாக இந்த நகரத்தின் அடையாளமே ஆனது. கடைசியாகப் பதிவான பத்மினி டாக்சிக்கு 20 வருஷ ஆயுள் முடிந்து, 2023 அக்டோபர் 30 முதல் அதுவும் சாலையிலிருந்து விடைபெற்றது. பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின.

ஹெரால்டுக்கு அப்படி யாரும் எழுதவில்லை. 1961-ல் வந்தது, 1971-ல் போனது. அதற்குப் பின் 1972-லிருந்து 1977 வரை கெஜல் என்ற பெயரில் அதன் வாரிசு ஓடிற்று. அவ்வளவுதான்.

ஹெரால்டு பிறவியிலேயே வெளிநாட்டுக் கார். 1959-ல் இங்கிலாந்தில் டிரயம்ப் ஹெரால்டு என்று வெளிவந்தது. உருவத்தை வரைந்தவர் ஜோவானி மிக்கெலொட்டி என்ற இத்தாலியர். முன் பக்கத்து மூடி, மட்கார்டு எல்லாம் ஒரே துண்டாக முன்னோக்கிச் சாயும். என்ஜினைப் பார்க்க மெக்கானிக் குனிய வேண்டியதில்லை, டயர் மேலேயே உட்கார்ந்து வேலை செய்யலாம்.

ஆனால் அங்கே விற்ற ஹெரால்டு சலூனுக்கு இரண்டே கதவு. பின் சீட்டுக்குப் போக வேண்டுமானால் முன் சீட்டை மடக்கி, உடம்பையும் மடக்க வேண்டும். மாமியாரும் பாட்டியும் பின் சீட்டில் ஏறும் நம் நாட்டில் இது செல்லுமா? 1968-ல் சென்னைக்காரர்கள் மார்க் 3 என்ற பெயரில் நாலு கதவு வைத்த ஹெரால்டைக் கொண்டுவந்தார்கள். இங்கிலாந்திலேயே இல்லாத உருப்படி அது!

லிவர்பூல் அச்சு, கல்கத்தா வார்ப்பு

இனிப் பொம்மைக்கு வருவோம்.

லிவர்பூல் நகரில் பின்ஸ் ரோடு என்ற தெருவில் மெக்கானோ கம்பெனி இருந்தது. அதன் டிங்கி பொம்மைக் கார்கள் உலகப் பிரசித்தம். ஆரம்பத்தில் இவை பொம்மை ரயிலுக்குத் துணைச் சாமான்களாகத்தான் பிறந்தன. ரயில் அளவில் ஓரடிக்கு 7 மில்லிமீட்டர் என்பது கணக்கு. அந்த வழியாகத்தான், அசலில் 43-ல் ஒரு பங்கு என்ற விசித்திரமான அளவு பொம்மைக் கார்களுக்கு நிலைத்தது. ஐம்பதில் ஒன்று, நாற்பதில் ஒன்று என்று இல்லாமல் இதென்ன 43 என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

1959-ல் டிங்கி, ஹெரால்டையும் வார்த்தது. எண் 189. நீளம் மூன்றரை அங்குலத்துக்குச் சற்றே குறைவு. வெள்ளையும் பச்சையும், அல்லது வெள்ளையும் நீலமும். 1964-ல் அதை நிறுத்தினார்கள்.

நிறுத்திய அச்சுகள் சும்மா கிடக்கவில்லை. அவற்றில் சில கப்பலேறிக் கல்கத்தா வந்தன. அங்கே அட்டாம்கோ என்ற கம்பெனி அதே அச்சில் வார்த்து, நிக்கி டாய்ஸ் என்ற பெயரில் விற்றது. டிங்கி போய் நிக்கி! பெயர் வைத்தவர் வெகு சாமர்த்தியசாலி.

நிக்கி வரிசையில் ஜாகுவார் உண்டு, மெர்சிடிஸ் உண்டு. நமக்கு வேண்டியது ஒன்றுதான். டிங்கியின் டிரயம்ப் ஹெரால்டு, கல்கத்தாவில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆயிற்று. ஆக, மெட்ராசில் ஓடிய காருக்கு, லிவர்பூலில் வெட்டிய அச்சில், கல்கத்தாவில் பிறந்த பொம்மை!

வார்ப்பு சுத்தமாக இராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏறத்தாழ 400 டிகிரியில் உருகிய துத்தநாகக் கலவையை ஆயிரமாயிரம் தடவை வாங்கிய அச்சு அது. ஓரம் மழுங்கியிருக்கும். இணைப்பில் பிசிறு துருத்தும். வண்ணமும் கெட்டி. டிங்கியைப் பார்த்த கண்ணுக்கு நிக்கி கிராமத்து உறவினர் மாதிரி தெரியும். அதனால் என்ன, உறவுதானே?

வெள்ளிக்கிழமைச் சந்தை

எனக்கு இந்த ஹெரால்டு கிடைத்தது சோர் பஜாரில். மட்டன் தெருக் கடைகள் வெள்ளிக்கிழமை மூடிக் கிடக்கும். ஆனால் விடியுமுன் தெருவோரம் சாக்கு விரித்து வேறொரு சந்தை கூடும். தாதரிலிருந்து முதல் லோக்கலில் ஏறி கிராண்ட் ரோடில் இறங்கி நடந்தால், டியூட்டிக்குப் போகுமுன் ஒரு சுற்றுச் சுற்றிவிடலாம்.

காருக்கு ஒரு சக்கரம் இல்லை. டயர் நாலும் இல்லை. யாரோ ஒரு புண்ணியவான் வீட்டுக் கதவுக்கு அடித்த மிச்சப் பச்சையை மேலே பூசியிருந்தார். விலை பேசினேன், வாங்கினேன்.

இங்கே வாசகர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அசல் வண்ணத்தோடு, அட்டைப் பெட்டியோடு நிக்கி கார் உங்கள் கையில் கிடைத்தால் அதன் மேல் பிரஷ் வைக்காதீர்கள். தூசி தட்டி அப்படியே வையுங்கள். சேகரிப்பவர்களுக்கு அசல் கீறல்கூடப் பொக்கிஷம். சீரமைப்பு என்பது, கெட வேண்டிய அளவுக்குக் கெட்டுவிட்ட காருக்குத்தான்.

சித்தப்பாவின் புகார்

வாங்கியதை நேரே என் சித்தப்பாவிடம் கொண்டுபோனேன். அவருக்குக் காரணம் உண்டு. இங்கே வருமுன் மெட்ராசில் ஒரு முதலாளி வீட்டில் அவர் டிரைவர். ஓட்டியது ஹெரால்டு மார்க் 3. இப்போது வயது எண்பதைத் தாண்டிவிட்டது. பார்வை நிழல் போலத்தான். ஆளைக் குரலிலும், பொருளை விரலிலும் கண்டுகொள்கிறார்.

காரை உள்ளங்கையில் வைத்தேன். கட்டைவிரலால் மூக்கைத் தடவினார். பின்பக்கத்து வால் மாதிரியான முனையைத் தடவினார். "ஹெரால்டு" என்றார். முகம் மலர்ந்தது. விரல் பக்கவாட்டில் போனதும் நின்றுவிட்டது.

"என்னலே, இதுக்கு ரெண்டு கதவுதான் இருக்கு? நான் ஓட்டுனதுக்கு நாலுல்லா!"

அன்றைக்கே முடிவாகிவிட்டது. வெறும் சீரமைப்பு போதாது, நாலு கதவு வைத்தாக வேண்டும்.

பிரிப்பது எப்படி?

இந்த மாதிரிக் கார்களுக்குத் திருகாணி கிடையாது. மேல்கூடோடு சேர்த்து வார்த்த சிறு தூண்கள், அடித்தகட்டின் துளை வழியே வந்து, நுனியில் குடை போல விரிக்கப்பட்டிருக்கும். அந்தக் குடையை மட்டும் ஊசி அரத்தால் ராவ வேண்டும். தூணைத் தொடக் கூடாது. ராவி முடிந்ததும் அடித்தகடு தானாகக் கழன்று வரும். திரும்ப மாட்டும்போது தூணில் சிறு துளை போட்டு, கைக்கடிகாரம் பழுது பார்ப்பவரிடம் கிடைக்கும் குட்டித் திருகாணியைப் போடலாம்.

ஜன்னலுக்கு உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கை முதலில் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். தின்னர் ஒரு சொட்டுப் பட்டாலும் அது பால் படிந்த மாதிரி ஆகிவிடும். கீறலைப் போக்கப் பற்பசையும் மெல்லிய துணியும் போதும். அரைமணி நேரம் தேய்த்தால் கண்ணாடி போலத் தெளிந்துவிடும்.

பழைய வண்ணத்தை எடுக்கச் சிலர் காஸ்டிக் சோடாவில் ஊறப்போடுவார்கள். வேண்டாம். காஸ்டிக் சோடா துத்தநாகத்தையே தின்னும். காலையில் பார்த்தால் காரின் மூக்கு மழுங்கியிருக்கும். பெயின்ட் கடையில் கிடைக்கும் ரிமூவர் நல்லது. அறைக்குள் அல்ல, சாலின் பொது நடையில், காற்றோட்டத்தில், கையுறை போட்டுக்கொண்டு.

இன்னொன்று, முக்கியமானது. பழைய பொம்மை வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் போகக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. ஆகையால் உலர்ந்தபடி உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். தண்ணீர் விட்டு வாட்டர் பேப்பரால் தேய்த்தால் தூசி பறக்காது. சுரண்டியதைச் செய்தித்தாளில் மடித்துக் கட்டிப் போடுங்கள். ஒரே அறையில் சமையலும் குழந்தையும் இருக்கும் வீடு நம்முடையது என்பதை மறக்க வேண்டாம்.

வண்ணம் போனதும் உலோகத்தை நன்றாகப் பாருங்கள். மெல்லிய வெடிப்புகள் வலை மாதிரி ஓடினால், கலவையில் ஈயம் சேர்ந்து உள்ளுக்குள்ளேயே நொறுங்கும் நோய் அது. 1930-களில் வார்த்த டிங்கிகளில் அதிகம். அதற்கு மருந்தில்லை. நம் ஹெரால்டுக்கு அந்த நோய் இல்லை.

ஒரு மயிரிழைக் கணக்கு

மார்க் 3-ன் பக்கவாட்டுப் படம் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். தாதர் ஸ்டேஷன் அருகே ஜெராக்ஸ் கடையில், பொம்மையின் நீளத்துக்குச் சரியாக வரும்வரை சுருக்கிச் சுருக்கி எடுத்தேன். கடைப் பையனுக்கு என் மேல் சந்தேகமே வந்துவிட்டது. அந்தத் தாளைக் காரின் மேல் ஒட்டி, கதவின் மூலைகளைக் குண்டூசியால் குத்திக்கொண்டால் அளவு தயார்.

பழைய கதவுக் கோட்டை, கார் பெயின்டர்கள் வைக்கும் மெட்டல் பட்டியால் அடைத்து, காய்ந்ததும் தேய்த்துச் சமமாக்கினேன். ஜன்னலின் நடுத்தூண் இருக்கும் இடமும் மாறுகிறது. பழையதை ரம்பத்தால் அறுத்து, பித்தளைத் தகட்டில் மெல்லிய கீற்று ஒன்று வெட்டி, சற்று முன்னால் தள்ளி அரால்டைட்டால் ஒட்டினேன். இந்த இரண்டு வேலைக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

பிறகு புதுக் கோடு. உடைந்த ஹேக்ஸா பிளேடின் முனையைச் சாணைக்கல்லில் கூர்மையாக்கிக் கொண்டால் அதுவே எழுத்தாணி. இன்சுலேஷன் டேப்பை நாலு மடிப்பு ஒட்டி அதன் ஓரமாக இழுக்க வேண்டும். அழுத்தாமல் இருபது முறை, முப்பது முறை. ஒரே அழுத்தில் முடிக்கப் பார்த்தால் பிளேடு வழுக்கிக் கூரைவரை கோடு போட்டுவிடும்.

எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம்? இங்கேதான் தகராறு. அசல் காரில் கதவு இடுக்கு 5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 43-ஆல் வகுத்தால் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். அதாவது மயிரிழை. விஷயம் தெரிந்தவர்கள் அந்த மயிரிழைக்கு மேல் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அகலமான கோடு கண்டால் "இதென்ன வாய்க்காலா?" என்பார்கள்.

ஆனால் மயிரிழைக் கோடு சித்தப்பாவின் விரலுக்குத் தெரியாது. அதன் மேல் வண்ணமும் ஏறிவிட்டால் சுத்தமாக மறைந்து போகும்.

இரண்டு நாள் யோசித்தேன். பிறகு விரலுக்குத்தான் என் ஓட்டு. கோட்டை மூன்று பங்கு ஆழப்படுத்தினேன். கைப்பிடி நாலும் குண்டூசித் தலையை வெட்டி வைத்தது. அதுவும் அசலைவிடச் சற்றுப் பெரியது. சேகரிப்பாளர் சங்கத்தில் இதற்குப் பரிசு கிடைக்காது. கிடைக்க வேண்டியதுமில்லை.

மழையில் வண்ணம் பூசாதீர்

மும்பைவாசிகளுக்கு என்றே சொல்கிறேன். ஜூன் முதல் செப்டம்பர் வரை டூகோ பெயின்ட் பக்கமே போகாதீர்கள். ஈரக் காற்றில் அது காயும்போது மேலே வெள்ளைப் பனி படர்ந்துவிடும். மழைக்காலத்தை அரத்துக்கும் வாட்டர் பேப்பருக்கும் வைத்துக்கொண்டு, வண்ணத்தைத் தீபாவளிக்கு ஒட்டிப் பூசுவதே புத்திசாலித்தனம்.

முதலில் சாம்பல் நிறப் பிரைமர். பிறகு வண்ணம் மெல்லிசாக இரண்டு பூச்சு. கெட்டியாக ஒரே பூச்சு பூசினால், பாடுபட்டுக் கீறிய கோடெல்லாம் அடைந்து போகும். சித்தப்பா ஓட்டிய வண்டி வெளிறிய பச்சை. "வாழைக் குருத்து மாதிரி இருக்கும்" என்றார். தாதர் பூச்சந்தையில் வாழை இலைக் கட்டுகள் வந்து இறங்கும். அதில் ஒரு குருத்தை வாங்கிப்போய்ப் பெயின்ட் கடைக்காரரிடம் கொடுத்து, அதைப் போலவே கலந்து தரச் சொன்னேன்.

டயருக்கு வெளிநாட்டு உதிரி தேட வேண்டாம். சைக்கிள் கடையில் வால்வ் டியூப் கேளுங்கள். சவர பிளேடால் வளையம் வளையமாக நறுக்கினால், சிறு சக்கரத்துக்கு அளவெடுத்த மாதிரி உட்காரும்.

நம்பர் பிளேட் அந்தக் காலத்து வழக்கப்படி கறுப்பில் வெள்ளை எழுத்து. எண்ணைச் சித்தப்பா மூச்சு விடாமல் ஒப்பித்தார். சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் மட்டும் ஞாபகமில்லை என்கிறார்.

பிளாஸ்டிக் கிட் வைத்திருப்பவர்களுக்கு

சில வீடுகளில் அலமாரி மேல் பழைய பிளாஸ்டிக் கிட் இருக்கும். வளைகுடாவிலிருந்தோ, கப்பலில் வேலை பார்த்த மச்சான் மூலமோ, முசாபிர்கானாவில் வாங்கியோ வந்தது. இங்கிலாந்தின் ஏர்ஃபிக்ஸ், அமெரிக்காவின் ஏ.எம்.டி. போன்றவை. ஏ.எம்.டி. கம்பெனி 1958-லேயே ஒரே பெட்டியில் மூன்று விதமாகக் கட்டும்படி உதிரிகள் வைத்து விற்றது. அசல் கார், அலங்காரக் கார், பந்தயக் கார். நம் இஷ்டத்துக்கு மாற்றும் ஆசை புதிதல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

இவை பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக். உலோகக் காருக்குச் சொன்ன எதையும் இதற்குச் செய்யாதீர்கள். பெயின்ட் ரிமூவர், தின்னர், நகச்சாயம் எல்லாம் இதைக் கரைத்துவிடும். பழைய வண்ணத்தை எடுக்கப் பிரேக் ஆயிலில் ஊறப்போட்டுப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்க்கலாம். முதலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு துண்டில் பரீட்சை செய்யுங்கள். ஒட்டிய பாகம் பிரிய வேண்டுமா? பிரிட்ஜின் ஐஸ் அறையில் ஓரிரவு வையுங்கள். பழைய பசை மொறுமொறுத்துப் போய் விரல் நெம்பலில் விடும். மஞ்சளித்த ஸ்டிக்கரை வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வைத்தால் சில நாளில் வெளுக்கும்.

உடைந்த உதிரிக்கு அதே ஜாதிப் பிளாஸ்டிக் வேண்டும். அதை அடையாளம் காண தாராவியில் பிளாஸ்டிக் தரம் பிரிக்கும் நம்மவரைக் கேளுங்கள். தட்டினால் கணீரென்று உடையும், சாதாரணத் தண்ணீரில் மூழ்கும், கொளுத்தினால் கரிந்த நூலாகப் புகை பறக்கும். புத்தகத்தில் படிக்காமலே, ஒரு பிடி அள்ளிப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

கிட்டின் உதிரிகளைத் தாங்கும் சட்டக் குச்சியை வீசாதீர்கள். மெழுகுவத்தி மேல் காட்டி, இளகியதும் இரு பக்கமும் இழுத்தால் தலைமுடி போல நூலாகும். ஏரியலுக்கு அதுதான்.

இன்னும் ஒரு வேலை

கார் முடிந்து சித்தப்பா வீட்டு டிரான்சிஸ்டர் பக்கத்தில் நிற்கிறது. பார்க்க வருகிறவர்களிடம் ஒவ்வொரு கதவாக விரலை வைத்து எண்ணிக் காட்டுகிறாராம். சித்திதான் சொன்னாள்.

போன வாரம் அவரிடமிருந்து அடுத்த புகார் வந்துவிட்டது. ஹெரால்டு என்றால் முன் மூடி திறக்க வேண்டாமா? இது ஏன் திறக்கவில்லை?

அசலில் நியாயம்தான். ஆனால் பொம்மையில் மூடியும் உடலும் ஒரே வார்ப்பு. மூக்கை அறுத்துக் கீல் வைக்க வேண்டும். என்ஜின் ஒன்றும் செய்ய வேண்டும். அதற்கேற்ற மெல்லிய ரம்பத் தகடு கேட்டு நாக்தேவி தெருக் கடை ஒன்றில் சொல்லி வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் வரும் என்கிறார்கள்.